இளங்காதலுக்குக் காவல் யார்?

13 வயதுப் பையன் ஒருவனும் அதே பிராயத்துப் பெண் ஒருத்தியும் தாங்கள் ஒருவரையொருவர் விரும்புவதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால், பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றைத்தான் செய்கிறோம். வாய்விட்டுச் சிரிக்கிறோம், இல்லாவிட்டால் கண்ணை உருட்டி அதட்டுகிறோம். பரிகாசமும் கோபமும் வெவ்வேறு ஸ்வபாவம் உடையவை போலத் தோன்றினாலும், குழந்தைகள் சொல்வதை உட்கார்ந்து கேட்கும் சிரமத்திலிருந்து தப்புவதற்கு நாம் கைக்கொள்ளும் உபாயங்கள் என்ற வகையில் அவை இரண்டும் ஒன்றே. சினிமாவோ மூன்றாவது வழி ஒன்றையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது: அந்தப் பிராயத்தினருக்குப் பெரியவர்களின் வேஷத்தைப் போட்டு நிறுத்தி, பெரியவர்களின் இச்சைகளை அவர்கள் தலையில் ஏற்றி, அதற்கு இளங்காதல் என்று பெயரும் சூட்டிக் காசாக்குவது. இம்மூன்று வழிகளிலும் சேராமல், அந்தப் பிராயத்துப் பிரியத்தை அதற்குரிய அளவில் மதித்து, அதைச் சூழ்ந்து நிற்கும் பெரியவர்களின் யோக்கியதையையும் எடை போட்டுக் காட்டிய படங்கள் மிகச் சிலவே. 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எ லிட்டில் ரொமான்ஸ்’ அவற்றுள் ஒன்று. இளமைக் காதலின் நிர்மலம் குழந்தைகளின் மனத்தில் முளைப்பதுதான் என்றாலும், அது நிலைப்பதும் கெடுவதும் பக்கத்தில் நிற்கும் முதியோரின் நடத்தையைப் பொறுத்தது என்பதே என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு இந்தப் படத்தைக் காட்டிலும் நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

படத்தை எடுத்தவர் ஜார்ஜ் ராய் ஹில். 1969-இல் ‘புட்ச் காசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்’ என்ற படத்தையும், 1973-இல் சிறந்த படத்துக்கும் சிறந்த டைரக்டருக்குமான ஆஸ்கார் பரிசுகளை வாங்கித் தந்த ‘த ஸ்டிங்’ என்ற படத்தையும் எடுத்து, ரசிகர்கள் மனம் விரும்பும் திருடர்களையும் மோசக்காரர்களையும் சிருஷ்டிப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தவர் அவர். பாட்ரிக் கோவேன் என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரின் நாவலைத் தழுவி ஆலன் பர்ன்ஸ் திரைக்கதை அமைத்தார். பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரான ஜார்ஜ் தெலரூ இதற்கு அமைத்த இசை ஆஸ்கார் பரிசு பெற்றது. விவால்டியின் வீணை போன்ற நரம்பிசைக்கான மெல்லிய பகுதி ஒன்றும் இடையிடையே வந்து, வெனிஸ் நகரத்தானாகிய அந்தப் பழைய சங்கீத வித்துவான் குழந்தைகளைத் தன் ஊருக்கு முன்கூட்டியே அழைப்பது போன்ற பிரமையை உண்டாக்குகிறது. அமெரிக்க டைரக்டர் பாரிஸிலும் வெரோனாவிலும் வெனிஸிலும் நடத்திய இந்தக் கதையில், பிறகு புகழ்பெற்ற நடிகையான டயான் லேன் முதன்முதலாகத் திரையில் தோன்றினாள். பையனாக வந்த தெலோனியஸ் பெர்னார் என்ற பிரெஞ்சுச் சிறுவனுக்கும் அதுவே முதல் படம்.

கதை எளிது. லாரன் என்ற அமெரிக்கப் பெண், தாயோடும் தாய் மறுமணம் செய்துகொண்ட கண்ணியமான மனிதரோடும் பாரிஸில் வசிக்கிறாள். பாரிஸுக்கு அருகேயுள்ள வோ-லெ-விகோம்த் என்ற 17-ஆம் நூற்றாண்டு மாளிகையில் ஏதோ ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடக்க, தாயோடு அங்கே வந்தவள் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெர்மானியத் தத்துவ ஞானி ஹைடெக்கரின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளோடு மாளிகையைப் பார்க்க வந்த தானியல் என்ற பையன் அவளைச் சந்திக்கிறான். அவன் டாக்ஸி ஓட்டுபவரின் மகன். ஹாலிவுட் படங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து நெஞ்சில் எழுதி வைத்திருப்பவன். குதிரைப் பந்தயத்தின் கணக்குகளைக் காகிதத்தில் போட்டு அலசுவதில் நிபுணன். அவள் பெயர் லாரன் என்று கேட்ட மாத்திரத்தில் ஹம்ப்ரி போகார்ட், லாரன் பகால் என்ற ஹாலிவுட் நட்சத்திர ஜோடி அவனுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அப்படியானால் தன்னைப் போகார்ட்டின் செல்லப்பெயரால் போகி என்றே கூப்பிடலாம் என்கிறான். காதல் பிறந்த விதம் அவ்வளவே.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. நிர்மலம் என்றவுடன் ஒன்றும் தெரியாத பேதைமையை எண்ணிக்கொள்வது நம் வழக்கம். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத குழந்தையையே களங்கமற்ற குழந்தை என்று கொண்டாடுகிறோம். இந்தப் படத்துக் குழந்தைகளோ பெரியவர்களைவிட அதிகமாகப் படித்தவர்கள், அதிகமாக யோசிப்பவர்கள், பெரியவர்களின் கபடங்களை ஒரே பார்வையில் கண்டுகொள்பவர்கள். தாயின் மனம் கணவரை விட்டு, மாளிகையில் படமெடுத்த டைரக்டர்பால் சாய்வதை லாரன் அறிவாள்; தன் தந்தையின் சிறுமைகளைத் தானியல் அறிவான். உலகம் இன்னதென்று தெரிந்திருந்தும், ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் பறித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு உதிக்கவில்லை என்பதிலேதான் அவர்களுடைய நிர்மலம் இருக்கிறது. பேதைமை காலம் வந்தால் தானே தொலைந்துவிடும். இது ஒரு குணமாகையால், உரியவர்கள் பேணினால் வயது ஏறிய பின்னும் மனிதனோடு தங்கக் கூடியது.

உரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தாய் தன் சொந்தச் சஞ்சலத்தில் மூழ்கியிருக்கிறாள். மகளுக்குப் பிறந்தநாள் விருந்து நடக்கிறது. அங்கே அந்த டைரக்டர் மகாநுபாவர் லாரனைப் பற்றி ஒரு கொச்சையான பேச்சைப் பேச, கேட்டுக்கொண்டிருந்த தானியல் அவரைக் கையால் குத்திவிடுகிறான். விருந்தில் பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தும், ஒரு சிறுமியைப் பற்றி அவ்வாறு பேசலாகாது என்று உணர்ந்தவன் ஒரு சிறுவன்தான். ஆனால் தண்டனையும் அவனுக்கே கிடைக்கிறது. இனி அவனைப் பார்க்கவே கூடாது என்று தாய் தடை விதிக்கிறாள். பேசியவருடைய மரியாதை குலைந்ததுதான் அவளுக்கு அபராதமாகப் பட்டது. பேசப்பட்டவள் தன் மகள் என்பது பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. மிக லேசான நகைச்சுவைப் படம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கும் இந்தப் படத்தில், எனக்குத் தெரிந்தவரை, மிகக் கடுமையான குற்றச்சாட்டு இந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. ஹில் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

இந்தக் குழந்தைகளின் வாழ்வில் வந்து சேருகிறார் ஜூலியஸ் என்ற கிழவர். இவராக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியர். ‘ஹாம்லெட்’ படத்தில் நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர், 1907-இல் பிறந்தவராகையால் அப்போது எழுபதைக் கடந்தவர். நயமான உடையும் பழைய பிரபுத்துவப் பாவனையும் உடைய இந்தக் கிழவர், தம் வாழ்க்கையைப் பற்றி வண்ண வண்ணமாகக் கதைகள் சொல்லிக் குழந்தைகளை வசப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தைப் பற்றியது: சூரியன் அஸ்தமிக்கும் வேளையில், மணிகள் ஒலிக்கும்போது, அந்தப் பாலத்தடியில் படகில் சென்று முத்தமிட்டுக்கொள்ளும் காதலர்கள் என்றென்றும் பிரியமாயிருப்பார்கள் என்பது ஐதிகமாம். லாரனுடைய குடும்பமோ விரைவில் அமெரிக்காவுக்குத் திரும்பப் போகிறது. பிரிவு நிச்சயம் என்று தெரிந்த அந்தப் பெண், பிரிவதற்கு முன் அந்தச் சடங்கை நிறைவேற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறாள். எல்லையைக் கடக்க ஒரு பெரியவர் துணை வேண்டுமாகையால், நோயுற்ற தாயைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, கிழவரையும் கூட்டிக்கொண்டு மூவரும் ரயிலேறிவிடுகிறார்கள்.

பெற்ற மனம் உடைய எவரும் இந்த இடத்தில் பதறுவார்கள், பதறத்தான் வேண்டும். வீட்டுக்குச் சொல்லாமல் இரண்டு குழந்தைகள் நாட்டெல்லையைத் தாண்டுகின்றன. கூட வருகிறவரோ ஜேப்படித் திருடர் என்பது வழியில் வெளியாகிறது. போலீஸ் தேடுகிறது, பத்திரிகைகளில் படம் வருகிறது, கடத்தல் என்று ஊரே அலறுகிறது. ‘இதையா களங்கமற்ற காதல் என்கிறீர்கள்? வீட்டை விட்டு ஓடச் சொல்லிக் கொடுப்பதல்லவா இது?’ என்று ஒரு தகப்பனார் கேட்பாரானால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பயணம் ஆபத்தானது. ஜூலியஸின் இடத்தில் வேறொரு கிழவர் இருந்திருந்தால் கதை பயங்கரமாக முடிந்திருக்கக்கூடும். ஆனால் அவர்கள் ஏன் ஒரு முன்பின் அறியாதவரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் அந்தத் தகப்பனார் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டில் தங்கள் பேச்சைக் கேட்பவர் ஒருவர் இருந்திருந்தால், பூங்காவில் எதிர்ப்பட்ட ஒருவரின் கதைக்கு அவர்கள் அவ்வளவு தாகத்தோடு காது கொடுத்திருக்க மாட்டார்கள். தடையினால் பாதுகாப்புக் கிடைத்ததாக அந்தத் தாய் நினைத்தாள். நடந்ததோ, தடை விதித்த அன்றே பாதுகாப்பு அவள் கையைவிட்டுப் போனதுதான்.

பயணத்தின் நடுவில் அவர்கள் வெரோனாவில் தங்குகிறார்கள். அந்த ஊரை எவரும் காரணமின்றிக் கதையில் வைப்பதில்லை. ரோமியோவும் ஜூலியத்தும் வாழ்ந்ததாக ஷேக்ஸ்பியர் சொன்ன ஊர் அது. ஜூலியத்துக்கு 14 வயது இன்னும் நிறையவில்லை என்று நாடகத்திலேயே வருகிறது. ஷேக்ஸ்பியருக்கு ஆதாரமாயிருந்த ஆர்தர் புரூக்கின் 1562-ஆம் ஆண்டுக் காவியத்தில் அவளுக்கு ஏறக்குறைய 16 வயது. நாடகாசிரியர் வேண்டுமென்றே இரண்டு வயதைக் குறைத்தார். அதன் பலன், பார்ப்பவர்களின் இரக்கம் மிகுவதோடு நிற்கவில்லை. பெரியவர்களின் குற்றம் இரட்டிப்பாகிறது. அந்த நாடகத்துப் பெரியவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: தகப்பன் தனக்குப் பிடித்த வரனுக்கு அவளைத் தள்ளப் பார்க்கிறான், வளர்த்த செவிலி, காரியம் முற்றியதும், முதல் கணவனை மறந்து இரண்டாமவனை மணந்துகொள் என்று புத்தி சொல்கிறாள், இருவரையும் சேர்த்து வைத்த பாதிரியார், கல்லறையில் அந்தப் பெண் கண் விழித்த சமயத்தில், காவலர் வரும் அரவம் கேட்டு அவளைத் தனியே விட்டுவிட்டு ஓடிப்போகிறார். ஜூலியத் மாண்டது விதியால் என்று சொல்வது சுலபம். நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பெரியவர் நிற்காததால் மாண்டாள் என்பதே சரி.

இந்த நாடகத்தை 1968-இல் பிராங்கோ செஃபிரெல்லி படமாக்கியபோது, ஒலிவியா ஹஸ்ஸி, லெனார்ட் வைட்டிங் என்ற இளம்பிராயத்தினர் இருவரை நாயகியாகவும் நாயகனாகவும் அமர்த்தினார். அந்தப் படத்தின் முன்னுரையைப் பேசிய குரல் இதே லாரன்ஸ் ஒலிவியருடையது. உலகமெங்கும் இளங்காதலின் இலக்கணம் என்று போற்றப்பட்ட அந்தப் படத்தின் நாயக நாயகியர், அரை நூற்றாண்டுக்குப் பின், 2022-ஆம் ஆண்டின் கடைசியில், படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 15, 16 வயதே ஆன தங்களைப் படுக்கையறைக் காட்சியில் ஆடையின்றித் தோன்ற வைத்தது அநியாயம் என்பது அவர்கள் வாதம். முன்பு ஒரு காலத்தில் ஹஸ்ஸியே அந்தக் காட்சிக்குப் பரிந்து பேசியதுண்டு. 2023-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடியும் செய்துவிட்டது. சட்டத்தின் தீர்ப்பைப் பற்றி எனக்கு விவாதம் இல்லை. எழுபது பிராயத்தை எட்டிய இருவர், தங்கள் யௌவனத்தின் மிகப் பெரிய வெற்றியைத் திரும்பிப் பார்த்து, அப்போது எங்களைப் பாதுகாத்திருக்க வேண்டியவர்கள் பாதுகாக்கவில்லை என்று முறையிட நேர்ந்ததே, அதுதான் கலைஞர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம். திரையில் தெரியும் காதல் எவ்வளவு பரிசுத்தமாயிருந்தாலும், காமிராவுக்குப் பின்னால் நிற்பவனின் பார்வை பரிசுத்தமாயில்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் திரும்பவும் வெரோனாவின் கல்லறையிலேயே விடப்படுகிறார்கள்.

ஹில்லின் காமிரா இந்தப் பரீட்சையில் தேறுகிறது. தம் கதையின் குழந்தைகளைக் குழந்தைகளாகவே அவர் பார்க்கிறார். அவர்களுடைய பேச்சையும் அறிவையும் அச்சத்தையும் குறும்பையும் அருகில் சென்று காட்டுகிறாரே ஒழிய, அவர்களைப் பார்வைக்குரிய பண்டமாக எந்த இடத்திலும் ஆக்குவதில்லை. அந்தப் பிராயத்துக்குள்ள கூச்சம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறெதையோ பேசிவிடும் தடுமாற்றம், சின்ன விஷயத்துக்கும் மகா கௌரவத்தோடு கோபித்துக்கொள்ளும் தன்மை, இவையே படத்தின் சிருங்காரம். பெரியவர்களின் படங்களில் ஆரம்பமாக இருக்கும் முத்தம் இங்கே இறுதியாக இருக்கிறது. அதுவும் ஒரு சடங்கைப் போல, ஒரு பிரதிக்ஞையின் முத்திரையாக மட்டும். சாயங்கால ஒளியையும் மணியோசையையும் தவிர வேறெதையும் அந்தக் காட்சியில் சேர்க்காமல் விட்ட டைரக்டரின் அடக்கத்தை, படத்தின் மற்ற எல்லாச் சாமர்த்தியங்களுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

அந்தப் பாலத்தின் வரலாறும் இந்தக் கதைக்கு விசித்திரமாகப் பொருந்துகிறது. வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜேயின் அரண்மனையையும் அதற்கு எதிரேயுள்ள சிறைச்சாலையையும் இணைத்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியோ கொந்தினோ என்ற சிற்பி வெள்ளைக் கல்லால் கட்டியது அது. விசாரணை முடிந்து சிறைக்குக் கொண்டுபோகப்படும் கைதிகள், கற்சல்லடை ஜன்னல் வழியே தங்கள் நகரத்தைக் கடைசியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்ட இடம் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். 1818-இல் வெளியான ஆங்கிலக் கவி பைரனின் காவியப் பகுதி அந்தப் பெயரை உலகறியச் செய்தது. குற்றவாளிகளின் பாலம் காதலர்களின் பாலமாக மாறியது பிற்காலத்துக் கற்பனையின் வேலை. குழந்தைகள் காத்திருக்கும் மணியோசை எழும் புனித மாற்கு கோபுரமோ 1902-இல் அடியோடு இடிந்து விழுந்து, பழைய இடத்தில் பழைய வடிவிலேயே கட்டப்பட்டு 1912-இல் திறக்கப்பட்டது. பழைய மணிகளில் ஒன்றுதான் சேதமின்றித் தப்பியது. வெரோனாவில் யாத்திரிகர்கள் அண்ணாந்து பார்க்கும் ஜூலியத்தின் மாடமும் 20-ஆம் நூற்றாண்டில் ஒட்டவைத்ததே. காதலுக்குப் பெயர்பெற்ற ஸ்தலங்களின் பழமையை ஆராயப் புகுந்தால் ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது.

ஆனால் அந்தக் குழந்தைகளே இந்த ஆராய்ச்சியைச் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் படத்தின் மேன்மை. கிழவர் தம்மைப் பற்றிச் சொன்ன கதைகள் பொய் என்று வெளிப்பட்டபின், பாலத்துக் கதைக்கு வேறு சாட்சி யார்? லாரனும் தாயின் நோயைப் பற்றித் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறாள். பொய்களெல்லாம் மேசைமேல் கொட்டப்பட்ட பிறகும் மூவரும் வெனிஸுக்குப் போவதென்றே தீர்மானிக்கிறார்கள். முன்பு மந்திரத்தை நம்பிப் புறப்பட்டவர்கள் இப்போது தங்கள் வாக்கை நம்பிப் போகிறார்கள். என்றென்றும் பிரியமாயிருப்பதைப் பாலமோ மணியோ தர முடியாது, இருப்போம் என்று இருவர் மனமறிந்து சொல்வதுதான் தர முடியும் என்பதை 13 வயதில் அவர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள். மணவறையில் அக்கினியை வலம் வந்தவர்களும் தேவாலயத்தில் மோதிரம் மாற்றியவர்களும் பலர் இதை முதுமையிலும் தெரிந்துகொள்வதில்லை.

வெனிஸில் போலீஸ் நெருங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு அவகாசம் கிடைப்பதற்காக ஜூலியஸ் தாமே போலீஸிடம் அகப்பட்டுக்கொள்கிறார். குழந்தைகள் எங்கே என்று கேட்டு இன்ஸ்பெக்டர் அறைகிறார். கிழவர் வாய் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பொய்யும் களவுமாகக் காலம் தள்ளிய ஒருவர், சூரியன் அஸ்தமிக்கும் வரையில் ஒரு மௌனத்தைக் காப்பாற்றுகிறார். அஸ்தமித்த பிறகே சொல்கிறார். ஹாம்லெட்டாகவும் லியர் அரசனாகவும் மேடையில் கர்ஜித்த ஒலிவியர், பேசாமல் அறை வாங்கிக்கொண்டிருக்கும் இந்த இடத்தில் எட்டிய உயரம் சாமான்யமானதன்று. வெரோனாவின் பாதிரியார் காலடி ஓசைக்கு அஞ்சி ஓடினார். வெனிஸின் ஜேப்படிக்காரர் அடிக்கும் அஞ்சாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதை துக்கத்தில் முடிந்ததற்கும் இந்தக் கதை மங்களமாக முடிந்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மங்களம் என்றால் கல்யாணம் என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தைகள் பாரிஸுக்குத் திரும்புகிறார்கள். லாரன் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விடுகிறாள். நடுத்தெருவில் போக்குவரத்துக்கிடையே பையன் குதித்துக் குதித்துக் கையசைக்கப் படம் நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் அவர்கள் சந்தித்தார்களா, மணந்துகொண்டார்களா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இளங்காதலை எடுப்பவர்கள் அதைத் தாலியில் கொண்டுபோய் முடிக்க வேண்டும், அல்லது சாவில் கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கையை ஹில் உடைத்துவிட்டார். அந்தப் பிரியம் எதற்கும் முன்னோடியாக இராமல் தன்னளவிலேயே பூரணமாயிருக்கலாம். அதை அனுபவித்த இருவரும் அதனால் நல்லவர்களாக வளரலாம். பிறகு வேறு வேறு திசைகளில் போகலாம். இவ்வளவு எளிய உண்மையைச் சொல்லத் திரையுலகம் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் சினிமா எடுப்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. ஜூலியஸைப் போல் ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எவருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. அது கதையில்தான் நடக்கும். ஆனால் பிள்ளையோ பெண்ணோ ஒரு பெயரைச் சொல்லி முகம் சிவக்கும் நாளில், சிரிக்காமலும் சீறாமலும் ஒரு நாழிகை உட்கார்ந்து கேட்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அவர்களைப் பற்றி ஒருவர் கொச்சையாகப் பேசினால், பேசியவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், எழுந்து வெளியே போகச் சொல்வதும் முடியக்கூடியதே. படம் எடுப்பவர்களுக்கோ வேலை இன்னும் சுலபம். காமிராவை எங்கே நிறுத்தக் கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும். குழந்தைகள் நிர்மலமாயிருக்கிறார்களா என்று விசாரிப்பதில் நமக்கு உற்சாகம் அதிகம். அவர்கள் அப்படியே இருப்பதற்கு நாம் லாயக்கானவர்களா என்ற விசாரணை அதற்கு முன்னால் நடந்தாக வேண்டும்.